பாட்டனார் விட்டுச் சென்ற ரைபிள்

கல்பாத்தி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன ஆற்றங்கரைப் படிகளும், விசுவநாத சுவாமி கோயிலும், ஐப்பசி மாத இறுதியில் நடைபெறும் தேர்த்திருவிழாவுமே ஆகும். காசியில் பாதி கல்பாத்தி என்று பெருமை பேசும் அக்கிரகாரத்துக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் வியப்புறலாம். சம்பந்தம் உண்டு. பாலக்காட்டுக் கிராமங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் சிலவற்றுக்கு மலையடிவாரங்களில் வயலும் தோப்பும் இருந்தன. விளைந்ததைக் காட்டு விலங்குகள் கொண்டு போகாமல் காப்பதற்கென்று உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்றும் அத்தகைய வீடுகளில் இருப்பதுண்டு. 1970 ஜனவரி முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தத்தினால் குத்தகை நிலங்கள் பயிரிட்டவர்க்கே உரியவாயின. பிள்ளைகள் பம்பாய்க்கும் டில்லிக்கும், பின்னர் கடல் கடந்தும் சென்றனர். நிலமும் போய், ஆட்களும் போய், துப்பாக்கி மட்டும் மச்சிலே பத்தாயத்தின் பின்னால் சாய்ந்து நிற்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன.

இதே நிலைமையை இடுக்கி எல்லையிலும் காணலாம். கம்பம், போடி முதலிய இடங்களிலிருந்து மலையேறி, உடும்பஞ்சோலை, பீர்மேடு, தேவிகுளம் வட்டாரங்களில் ஏலமும் தேயிலையும் வளர்த்த தமிழர் குடும்பங்களின் அடுத்த தலைமுறையினர் பலரும் இப்போது வெளியூர்களில் இருக்கின்றனர். பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் இடையே மலைத்தொடர் பல இருப்பினும், துப்பாக்கிக்கு வரும் நோய் இரண்டிடத்தும் ஒன்றே. அந்நோயின் பெயர் துரு.

இக்கட்டுரையில் நான் சொல்லப் புகுவது 'பாயிண்ட் டூ டூ' என்று வழங்கும் .22 சிறு ரைபிளைப் பேணும் முறையாகும். பர்மிங்ஹாமில் செய்த பி.எஸ்.ஏ. ரைபிளோ (சைக்கிளால் நாம் நன்கறிந்த அதே பெயர்தான்), செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்த பிர்னோ ரைபிளோ நம் நாட்டுப் பழைய வீடுகளில் இருப்பதுண்டு. இதன் குழலின் உள்வாய் சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் அகலமே உடையது. அதன் உட்சுவரில் திருகு போல வளைந்தோடும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஏறத்தாழ 16 அங்குல நீளத்தில் ஒரு சுற்று என்பது வழக்கமான கணக்கு. குண்டு இப்பள்ளங்களைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளிப்படுவதால்தான் நேர்கோட்டில் செல்கிறது. பள்ளங்களின் விளிம்பைத் துரு தின்றுவிட்டால் ரைபிள் வெறும் இரும்புக் குழாயே.

துரு எங்கிருந்து வருகிறது? முதற்காரணம் நம் ஊர்க் காற்று. சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயின் வழியே தை, மாசி மாதங்களில் கிழக்கேயிருந்து வறண்ட காற்று வீசுகிறது. பங்குனி, சித்திரையில் வெயில் 40 பாகையைத் தொடுவதும் உண்டு. ஆனி பிறந்துவிட்டால் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் துலாவருஷம் என்று ஈரம் மாதக்கணக்கில் வீட்டுக்குள் குடியிருக்கும். வறட்சியில் சுருங்கும் ரைபிளின் மரக்கட்டை மழையில் ஊதிக் குழலை ஒரு பக்கம் நெருக்கும். சென்ற ஆண்டு குறி தப்பாத ரைபிள் இவ்வாண்டு இரண்டு விரற்கடை விலகிச் சுடுவதற்கு அநேகமாக இதுவே காரணம். பலர் இதை அறியாது குறிமுள்ளைத் திருப்பித் திருப்பிக் கெடுத்துவிடுகின்றனர்.

இரண்டாவது காரணம் பழைய தோட்டா. முற்காலத்துத் தோட்டாக்களின் வெடிமருந்துத் திரியில் பொட்டாசியம் குளோரேட் என்ற பொருள் சேர்க்கப்பட்டிருந்தது. அது எரிந்தபின் குழலில் தங்கும் உப்பு, நம் சமையலறை உப்பின் நெருங்கிய உறவினர். மழைநாளில் உப்பு ஜாடி கசிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவ்வாறே அந்த உப்பும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஓரிரவில் குழலை அரிக்கத் தொடங்கிவிடும். எண்ணெய் இட்டாலும் பயனில்லை. உப்பு எண்ணெயில் கரையாது. அதனால்தான் பழைய வேட்டைக்காரர்கள் சுட்டு முடித்த அன்றே குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். 1920-களில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் துரு உண்டாக்காத புதிய திரிமருந்து புழக்கத்துக்கு வந்தது. இன்று கடையில் கிடைக்கும் .22 தோட்டாக்களுக்குக் கொதிநீர் வைத்தியம் தேவையில்லை. பெட்டியின் அடியில் கிடந்த பழந்தோட்டாவைச் சுடாமலிருப்பதே நன்று. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மூன்றாவது காரணத்தைக் கூறினால் சிலருக்கு மனம் வருந்தலாம். அது நம் அன்பே. ஆயுத பூஜையன்று துப்பாக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பூச்சூட்டி, மறுநாள் மறந்துவிடுகிறோம். ஈரச் சந்தனம் அப்பிய இடத்தில் இரும்பு நீலம் வெளுத்துச் செந்நிறம் காட்டும். குடகு நாட்டில் கொடவர்கள் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் கைல்போது என்ற விழாவில் துப்பாக்கிகளை அலங்கரித்து வழிபடுகிறார்கள். ஆயுதத்தைத் துடைத்து எடுத்து வைப்பதற்கு ஆண்டில் ஒருநாளைக் குறித்து வைத்த முன்னோரின் யோசனை சிறந்ததே. தென்மேற்கு மழை ஓய்ந்த பருவத்தில் வரும் நவராத்திரி இவ்வேலைக்கு மிகப் பொருத்தமான காலமாகும். சந்தனத்தை மரக்கட்டையின் மீது இடலாம். அன்று மாலையே துடைத்துவிட வேண்டும். இரும்பின் மீது இடவே கூடாது.

இதைவிடக் கொடியது புளி. பித்தளைப் பாத்திரத்தைப் புளியும் சாம்பலும் இட்டுப் பளபளக்கச் செய்யும் கை, துப்பாக்கிக் குழலையும் அவ்வாறே தேய்த்துவிடுகிறது. குழலின் மேலுள்ள கருநீல நிறம் அழுக்கன்று; தொழிற்சாலையில் வேண்டுமென்றே உண்டாக்கிய, மேலும் துருப்பிடிக்க விடாமல் தடுக்கும் ஒருவகை இரும்பு ஆக்ஸைடுப் படலம். புளியின் அமிலம் அதைத் தின்றுவிடும். உப்புத்தாளும் அப்படியே. மேற்புறத்தில் செந்துரு கண்டால் அவ்விடத்தில் எண்ணெய் தடவி ஒருநாள் ஊறவிட்டு, பழைய தாமிரக் காசு ஒன்றின் விளிம்பால் மெல்லச் சுரண்டினால் போதும். தாமிரம் எஃகைவிட மென்மையானது. துருவை எடுக்குமேயன்றி எஃகைக் கீறாது.

இனித் துடைக்கும் முறைக்கு வருவோம். துப்பாக்கியைக் கையில் எடுத்தவுடன் அதன் வாய் யாரும் இல்லாத பக்கம் நோக்கியிருக்க வேண்டும். தோட்டாக் கூட்டைக் கழற்றி எடுத்து, போல்ட்டைப் பின்னிழுத்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்தும் சுண்டுவிரலால் தொட்டும் காலி என்று தெரிந்துகொள்ள வேண்டும். "அது வெறுந்துப்பாக்கிதான்" என்று வீட்டார் சொல்லும் வார்த்தையை நம்பி இதைத் தவிர்க்கலாகாது. பத்து வருஷங்களுக்கு முன் நிரப்பி வைத்தவர் இன்று இல்லாமற் போயிருக்கலாம். அவர் நிரப்பிய தோட்டா இருக்கும். துடைக்கும் அறையில் தோட்டாப் பெட்டி இருக்கக்கூடாது, குழந்தைகளும் இருக்கக்கூடாது. சாப்பாட்டு மேசையில் இவ்வேலையைச் செய்யவே வேண்டாம். .22 குண்டு பெரும்பாலும் ஈயம். குழலிலிருந்து வரும் கரியிலும் ஈயம் கலந்திருக்கும். துணித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி எறிந்துவிட்டு, சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே காப்பிக் கோப்பையைத் தொட வேண்டும்.

போல்ட்டைக் கழற்றியபின் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பின்புறத்திலிருந்து பாருங்கள். பூட்டிக் கிடந்த வீட்டுத் துப்பாக்கியில் குளவி கூடு கட்டியிருப்பது அரிதன்று. மண் அடைத்த குழலில் சுட்டால் குழல் ஊதும், பிளக்கவும் பிளக்கும். குழல்வாயில் துணியோ தக்கையோ அடைத்துக் குளவியைத் தடுக்கலாம் என்று தோன்றும். அந்தத் துணியே உள்ளே ஈரத்தைச் சிறைவைத்துவிடும்.

துடைப்புக் கோல் எப்போதும் பின்புறத்திலிருந்து நுழைந்து குழல்வாய் வழியே வெளிவர வேண்டும். குண்டை இறுதியாகத் தொட்டு அனுப்புவது குழல்வாயின் விளிம்பு. அது ஒரு பக்கம் தேய்ந்தால் குறி என்றென்றைக்கும் கோணிப்போகும். வாய்ப்புறமாக இரும்புக் கோலைக் குத்திக் குத்தித் துடைத்ததால் கெட்ட ரைபிள்கள், சுட்டுச் சுட்டுத் தேய்ந்த ரைபிள்களைவிட அதிகம் என்பது துப்பாக்கி அறிந்தவர்கள் பலரின் அபிப்பிராயம். அது சரி என்றே நானும் எண்ணுகிறேன். பின்புறம் திறவாத அமைப்புடைய ரைபிளாயின், கோலை விட்டுவிட்டுக் கயிற்றைப் பயன்படுத்தலாம். என்.சி.சி.யில் பயிற்சி பெற்றவர்களுக்கு 'புல்-துரூ' என்றால் தெரியும்: ஒரு முனையில் பித்தளை எடையும், மறுமுனையில் துணி கோப்பதற்கான கண்ணியும் உள்ள கயிறு. எடையைத் தோட்டா அறை வழியே விட்டுக் குழல்வாயால் நேராக ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கயிறு விளிம்பில் உராயாமல் பார்த்துக்கொள்வது அவசியம். கல்லூரி நாட்களில் காக்கி உடுப்பணிந்து .22 ரைபிள் பிடித்த நம் சங்கத்துப் பெண்மணிகள் இவ்விஷயத்தில் தம் சகோதரர்களுக்கே பாடம் சொல்லக்கூடும்.

முதலில் உலர்ந்த துணி ஒன்று. பிறகு கரைப்பான் தோய்த்த துணி. கடையில் விற்கும் கரைப்பான் இல்லையேல் மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும். ஆனால் அது துருவைத் தடுக்காது. ஆதலால் முற்றும் துடைத்தெடுக்க வேண்டும். பெட்ரோலை இப்பணிக்கு வீட்டுக்குள் கொண்டுவருவது தீ விபத்துக்கு அழைப்பு. கால்மணி நேரம் ஊறவிட்டபின், ஈயம் ஒட்டியிருப்பதாகத் தோன்றினால் மட்டும் வெண்கலத் தூரிகையை ஐந்தாறு தடவை செலுத்தலாம். அதன்பின் துணி வெண்மையாக வெளிவரும் வரை உலர்ந்த துண்டுகள். கடைசியில் எண்ணெய் நனைத்துப் பிழிந்த ஒரு துண்டு. இவ்வளவே. .22 குண்டின் மேல் மெழுகோ கொழுப்போ பூசப்பட்டிருப்பதால் அது குழலுக்கு ஒரு மெல்லிய காப்பையும் தருகிறது. எனவே பத்துத் தோட்டா சுட்டதற்கெல்லாம் பெருந்துடைப்பு வேண்டியதில்லை. மெழுகும் கரியும் சேர்ந்து உண்மையில் தொல்லை தருவது போல்ட்டின் முகத்திலும், வெறுந்தோட்டாவைக் கவ்வி இழுக்கும் கொக்கியின் அடியிலுமே. பழைய பல் துலக்கும் தூரிகை அதற்குப் போதும். தோட்டா வெளிவராமல் சிக்குகிறது என்ற குறை பாதிக்குமேல் இந்த ஒரு தூரிகையால் தீர்ந்துவிடும்.

எந்த எண்ணெய் என்பதில் நம் நாட்டார் செய்யும் தவறு ஒன்று உண்டு. கைக்கெட்டியது தேங்காயெண்ணெய். தலைக்கும் சமையலுக்கும் உகந்த அது துப்பாக்கிக்கு ஆகாது. நாட்பட்டால் காறல் எடுத்து அமிலமாகும். பிசினாகத் திரண்டு விசையின் அசைவைத் தடுக்கும். மேலும் அது 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி, தை மாத இரவுகளில் மூணாற்றில் குளிர் பூச்சியத்தைத் தொடும் நாட்கள் உண்டு. அங்கே தேங்காயெண்ணெய் இட்ட போல்ட்டு, நெய் உறைந்த கிண்ணத்துக் கரண்டி போல நின்றுவிடும். தையல் இயந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெய் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. அதில் சில துளிகளே போதும். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் இரண்டு சொட்டு எடுத்துத் தேய்க்கலாம்.

எண்ணெய் அதிகமானாலும் கேடுதான். வாய் மேல்நோக்கி நிறுத்தி வைத்த துப்பாக்கியில் மிகுதி எண்ணெய் மெல்ல இறங்கிப் போல்ட்டில் பிசினாகித் தங்கும். கட்டையில் ஊறி மரத்தை மென்மையாக்கும். துடைத்த முதல் இரவு வாய் கீழ்நோக்க ஒரு துணியின் மேல் சாய்த்து வைப்பது நல்ல பழக்கம். தோலுறைக்குள் வைத்துப் பரணில் ஏற்றுவது, மழை நாட்டில், துருவை விருந்துக்கு அழைப்பதாகும். பதப்படுத்திய தோலில் உள்ள உப்பும் அது உறிஞ்சும் ஈரமும் சேர்ந்து ஒரே பருவத்தில் குழலைப் பாழாக்கும். பூட்டுள்ள இரும்பு அலமாரியே ஏற்ற இடம். அதனுள் சிலிகா ஜெல் மணிப்பை ஒன்றை வைத்து, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வைக்கலாம். போல்ட்டு வேறிடத்திலும், தோட்டா மூன்றாவது இடத்திலும் தனித்தனிப் பூட்டில் இருக்க வேண்டும். கோடைக்கால விடுமுறைக்குப் பேரக் குழந்தைகள் வருகிற வீட்டில் இது மிகையன்று. இச்சிறு தோட்டாவின் குண்டு ஒரு மைலுக்கு மேல் செல்லக்கூடியது.

விளையாட்டாக வெறும் விசையை இழுத்துப் பார்க்கும் பழக்கமும் .22 ரைபிளுக்குத் தீங்கு. இவ்வகைத் தோட்டாவில் திரிமருந்து விளிம்பில் இருப்பதால் அடிமுள்ளும் விளிம்பையே தாக்குகிறது. தோட்டா இல்லாவிடில் பல ரைபிள்களில் அது அறையின் ஓரத்து எஃகிலேயே மோதும். நாளடைவில் அங்கே பள்ளம் விழும்.

பழந்தோட்டா பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். பச்சை பூத்த தோட்டாவைத் துடைத்து எண்ணெய் தடவிப் புதுப்பிக்க முயலக்கூடாது. எண்ணெய் உள்ளே கசிந்து மருந்தைக் கெடுக்கும். அரைகுறையாக வெடித்த குண்டு குழலின் நடுவில் நின்றுவிட, அதன் பின்னால் மற்றொன்றைச் சுடுவது பெரும் அபாயம். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் அரை நிமிஷமாவது வாயைத் திருப்பாமல் பொறுத்திருந்து அதன்பின் போல்ட்டைத் திறக்க வேண்டும். வேண்டாத தோட்டாக்களை அடுப்பிலும் ஆற்றிலும் போடாமல் உரிமம் பெற்ற வியாபாரியிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைப்பதே முறை.

இவ்வளவு பேணுவது எதற்காக, வேட்டைதான் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் முயலையும் காட்டுக்கோழியையும் கூடச் சுடுவதைக் குற்றமாக்கிவிட்டன. ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் வேட்டையாடிய இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. இன்று அங்கே வரையாட்டைக் காண்பதற்கு மக்கள் சீட்டு வாங்கிச் செல்கிறார்கள். பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளிப்பதென்று கேரள அரசு 2022 மே மாதம் முடிவு செய்தது. அம்முடிவின்படியும் உத்தரவு பெற்று, உரிமம் உள்ளவர்தாம் சுடலாம். அதற்கும் .22 ரைபிள் ஏற்றதன்று. பன்றியைக் கொல்லாமல் காயப்படுத்தி வெறிகொள்ளச் செய்யும்.

இச்சிறு ரைபிளின் உரிய இடம் இப்போது குறிசுடும் மைதானமே. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது .22 ரைபிளினால்தான். கடலூரில் பிறந்து ஆமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் காற்று ரைபிள் சுடுவதில் உலகப் புகழ் பெற்றிருக்கிறார். வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண் என்பதால் நமக்கு அதில் தனி மகிழ்ச்சி.

இனி, துருவைவிடக் கடுமையான விஷயம் ஒன்று. உரிமம் பாட்டனார் பெயரில் இருந்தது, பாட்டனார் காலமாகிவிட்டார், துப்பாக்கி மச்சில் இருக்கிறது. இந்நிலையில் அதை வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகலாம். நினைவுச்சின்னம் என்பது அங்கே சமாதானமாகாது. உரிமையாளர் இறந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். வாரிசு விரும்பினால் உரிமத்துக்கு மனுச் செய்யலாம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமையாளர் 70 வயது எய்தியதும், அல்லது துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்ததும், இவற்றுள் எது முந்தியதோ அப்போதே, அவர் உயிரோடிருக்கும்போதே வாரிசின் பெயருக்கு உரிமம் கோர வழியுண்டு. தந்தையார் திடமாக இருக்கும் காலத்திலேயே இதை முடித்துக்கொள்வது குடும்பத்துக்கு மிகுந்த சௌகரியம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்தாண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. தவணை முடியும் நாளைப் பிறந்தநாட்களோடு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வெளிநாட்டில் நிலையாகத் தங்கிவிட்டவர்கள், துடைக்க ஆளும் உரிமம் பெற ஆளும் இல்லாவிடில், உரிமம் பெற்ற வியாபாரி மூலம் விற்றுவிடுவதே மேல் என்பது என் கருத்து.

தேர்தல் காலங்களிலும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதுண்டு. அங்கே அது மாதக்கணக்கில் மற்றவற்றோடு அடுக்கிக் கிடக்கும். எண்ணெய் இட ஆளிருக்காது. ஆகவே கொண்டு செல்வதற்கு முன் குழலின் உள்ளும் புறமும் கிரீஸ் மெல்லப் பூசுங்கள். ரசீதில் தயாரிப்பாளர் பெயரும் குழலில் வெட்டிய எண்ணும் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். விசைக் காப்பு வளையத்தில் ஒரு சீட்டைக் கட்டி, "குழலில் கிரீஸ் உள்ளது, துடைக்காமல் சுடக்கூடாது" என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி வையுங்கள்.